மரச்சில்லு மூடாக்கு: வீட்டுத் தோட்டத்தார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செடிகளின் அடியில் மரச்சில்லு, மரத்தூள், பட்டை ஆகியவற்றைப் பரப்புவது குறித்து வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் தமிழ்நாட்டின் வெயிலையும் வடகிழக்குப் பருவமழையையும் நம் ஊர்க் கரையானையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குளிர்நாட்டுத் தோட்டங்களுக்கான அறிவுரையை இங்கே அப்படியே பின்பற்றிச் செடிகளை இழந்தவர்களைக் கண்டிருப்பதால், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சருகும் வைக்கோலும் கிடைக்கும்போது மரத்துண்டு எதற்கு?

மண்ணை மூடிவைக்கும் எதுவும் மூடாக்குதான். வெயில் நேராக மண்ணில் விழாமல் தடுப்பது, ஈரம் ஆவியாவதைக் குறைப்பது, மழைத்துளி மண்ணை அடித்து இறுக்காமல் காப்பது, களை விதைகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்வது ஆகிய நான்கு வேலைகளையும் சருகு, வைக்கோல், கரும்புத் தோகை ஆகியவையும் நன்றாகவே செய்கின்றன. மூன்று நான்கு மாதத்தில் பயிர் முடிந்து மறுபடியும் மண்ணைக் கொத்த வேண்டிய காய்கறிப் பாத்திக்கு அவையே மேலானவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

மரத்துண்டின் தனிச்சிறப்பு அது மெதுவாக மக்குவது. மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைக்கப் பூசணங்களுக்கு நீண்ட காலம் தேவைப்படுவதால், வைக்கோல் இரண்டு மூன்று மாதத்தில் கரைந்துபோகும் இடத்தில் சில்லு ஓராண்டு வரையோ அதற்கு மேலோ தாக்குப்பிடிக்கிறது. ஆடிக் காற்றில் பறந்து போவதும் இல்லை. எனவே செம்பருத்தி, மல்லிகை, நந்தியாவட்டை, கறிவேப்பிலை, எலுமிச்சை, கொய்யா போன்று ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் செடிகளுக்கும் மரங்களுக்கும் அது பொருத்தமானது.

மரத்தூள், இழைப்புச் சுருள், கிளைச்சில்லு, பட்டை ஆகியவற்றுள் எது நல்லது?

இலையும் பட்டையும் குச்சியும் கலந்து அரைபட்ட கிளைச்சில்லுதான் முதலிடம் பெறும். அரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை பல அளவில் துண்டுகள் கலந்திருப்பதால் அவற்றின் இடையே காற்றும் நீரும் தடையின்றிச் செல்கின்றன. மரத்தின் சத்து பெரும்பாலும் இலையிலும் பட்டையிலும் இளங்குச்சியிலும் இருக்கிறது. வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் மிகக் குறைவு. அரைக்கும் இயந்திரம் இல்லாதவர்கள் விரல் பருமனுள்ள கிளைகளை வெட்டரிவாளால் இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்கிக்கொள்ளலாம். நேரம் பிடிக்கும் வேலைதான் என்றாலும், ஒரு கறிவேப்பிலை மரத்தின் அடிக்கு வேண்டிய அளவை ஒரு காலைப்பொழுதில் நறுக்கிவிட முடியும்.

மரவாடியில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் மரத்தூள் மிகவும் நுண்மையானது. தடிமனாகப் பரப்பினால் அது படிந்து அடைபோல் இறுகும். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் நீரை உள்ளே விடாமல் வழிந்தோடச் செய்யும். ஆகவே தூள் மட்டுமே கிடைக்கும் என்றால் ஓர் அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள்; அதையும் சில மாதங்கள் மழையில் நனையவிட்டுக் கறுத்த பிறகு போடுங்கள். தச்சர் பட்டறையின் இழைப்புச் சுருள் காற்றில் பறக்கும், விரைவில் அமுங்கும். கிளைச்சில்லுடன் கலந்து பயன்படுத்தலாம். காகித ஆலைகளுக்காகச் சவுக்கும் தைலமரமும் உரிக்கப்படும் ஊர்களில் பட்டை கிடைப்பதுண்டு. அது நீண்ட நாள் நிற்கும், ஆனால் நீளமான கீற்றுகளாக வருவதால் நறுக்கித்தான் போட வேண்டும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களின் கிளைகள் நாட்கணக்கில் தெருவோரங்களில் குவிந்து கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு வேதனையாக இருந்தது. அதே கிளைகள் சில்லாக்கப்பட்டிருந்தால் எத்தனையோ தோட்டங்களுக்கு ஓராண்டு மூடாக்கு கிடைத்திருக்கும். இன்றும் மின்கம்பிக்காகக் கிளை கழிக்கும் நாட்களில் கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

எந்த மரத்தின் சில்லை நம்பிப் போடலாம்? எதைத் தவிர்க்க வேண்டும்?

வேம்பு, புங்கம், வாகை, மா, பூவரசு, உரக்கொன்றை எனப்படும் கிளைரிசிடியா ஆகியவற்றில் அச்சப்பட ஒன்றுமில்லை. தைலமரத்தின் பச்சை இலையிலுள்ள எண்ணெய்ப் பொருட்கள் இளநாற்றுகளைத் தடுக்கக்கூடியவை. அதன் சில்லை இரண்டு மூன்று மாதம் வெளியில் குவித்து நனையவிட்ட பின்னர் வளர்ந்த மரங்களின் அடியில் மட்டும் போடுவது பாதுகாப்பு. சீமைக்கருவேலத்தின் இலையும் விதை முளைப்பைத் தடுக்கும். அதைவிடப் பெரிய தொல்லை அதன் முள்ளும் நெற்றும். முள் காலில் ஏறும், நெற்றில் உள்ள விதை தோட்டம் முழுவதும் முளைக்கும். நெற்று இல்லாத கட்டையை மட்டும் சில்லாக்கினால் தடையில்லை.

முற்றாக விலக்க வேண்டியவை வேறு. பிளைவுட், துகள்பலகை, எம்.டி.எஃப். எனப்படும் மரநார்ப்பலகை ஆகியவற்றை அறுத்த தூளில் பார்மால்டிஹைடு கலந்த பிசின் இருக்கிறது. வண்ணம் பூசிய பழைய கதவு, சன்னல், மெருகேற்றிய அறைகலன் ஆகியவற்றின் துண்டுகளும் வேண்டாம். பச்சை நிறம் ஏறிய பழைய வேலிக்கம்பங்களும் கட்டுமான மரங்களும் தாமிரம், குரோமியம், ஆர்சனிக் ஆகியன சேர்ந்த மருந்தில் ஊறியவையாக இருக்கலாம். கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் அதிகம் புழங்கும் ரப்பர் மரம் பூச்சி அரிக்காமலிருக்க அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தப்படுகிறது. போரான் செடிக்கு மிகச் சிறிய அளவில் தேவையானது, அளவு கூடினால் இலை நுனியைக் கருக்குவது. எனவே அறைகலன் பட்டறையில் தூள் வாங்குவோர் அது எந்த மரத்தினுடையது என்று கேட்டே வாங்க வேண்டும்.

நோயுற்று இறந்த மரத்தின் கட்டையையும் அதே இனத்தின் அருகில் போடக் கூடாது. தஞ்சாவூர் வாடல் நோய் தாக்கிய தென்னையின் அடித்தண்டைச் சில்லாக்கித் தென்னந்தோப்பில் பரப்புவது, அந்நோய்க்குக் காரணமான கானோடெர்மா பூசணத்தை நாமே சுமந்து போய்ச் சேர்ப்பதாகும்.

மரத்தூள் போட்டபின் என் செடிகள் மஞ்சளாகிவிட்டன. மரம் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும் என்கிறார்களே, உண்மையா?

இக்கேள்வியை எல்லாவற்றினும் முக்கியமானதாகக் கருதுகிறேன். இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொண்டால் மரமூடாக்கில் ஏற்படும் பெரும்பாலான தோல்விகளைத் தவிர்த்துவிடலாம்.

மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் ஒரு பொருளை மக்கச் செய்யும்போது ஏறத்தாழ 25 பங்கு கரிமத்துக்கு (கார்பன்) 1 பங்கு தழைச்சத்து (நைட்ரஜன்) என்ற விகிதத்தில் அவற்றுக்கு உணவு தேவைப்படுகிறது. பசுந்தழையில் இந்த விகிதம் ஏறக்குறைய அமைந்தே இருக்கிறது. மரத்தூளிலோ சில நூறு பங்கு கரிமத்துக்கு 1 பங்கு தழைச்சத்துதான் இருக்கிறது. பற்றாக்குறைக்கு நுண்ணுயிர்கள் மண்ணில் கரைந்துள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. வேருக்குக் கிடைக்க வேண்டியது அவற்றின் உடலில் சில மாதங்கள் அடைபட்டுவிடுகிறது. அடி இலைகள் முதலில் வெளிறி மஞ்சளாவது அதன் அடையாளம்.

ஆனால் இது நடப்பது மரமும் மண்ணும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான். சில்லு மண்ணின் மேலே பரவிக் கிடக்கும்போது அந்தத் தொடர்பு மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாக மட்டுமே இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள வேர்கள் பாதிக்கப்படுவதில்லை. அந்த மேற்படலத்தில் தழைச்சத்து குறைவதும் நமக்கு நன்மையே, ஏனெனில் அங்கே முளைக்க முயல்பவை களை விதைகள். அதே சில்லை, குறிப்பாகத் தூளை, மண்ணோடு கொத்திக் கலந்துவிட்டால் வேர் பரவியிருக்கும் ஆழம் முழுவதும் பற்றாக்குறை பரவிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் கத்தரிப் பாத்தி ஒன்றில் மண் இளகும் என்று நம்பி இரண்டு மூட்டைப் புது மரத்தூளைக் கொத்திக் கலந்தேன். அந்தப் பருவம் முழுவதும் செடிகள் முழங்கால் உயரம்கூட வளரவில்லை. அடுத்த ஆண்டு அதே பாத்தியில் கத்தரி செழித்தது. தூள் மக்கி, அடைபட்டிருந்த சத்து திரும்பி வந்திருந்தது.

ஆகவே மரம் மண்ணின் மேலேயே கிடக்கட்டும். புதுச்செடி நடும்போது சில்லை ஒதுக்கிவிட்டுக் குழி எடுங்கள், அது குழிக்குள் விழாமல் பாருங்கள், நட்டு மண்ணை மூடிய பிறகு திரும்ப இழுத்துவிடுங்கள். ஏற்கெனவே கலந்துவிட்டவர்கள் ஊறவைத்த கடலைப்பிண்ணாக்குக் கரைசலையோ பத்து மடங்கு நீர் சேர்த்த மாட்டுச் சிறுநீரையோ வாரம் ஒருமுறை ஊற்றிவந்தால் செடி மீளும். மண்ணைத் தோண்டித் தூளைப் பொறுக்க வேண்டியதில்லை.

எவ்வளவு தடிமன் போட வேண்டும்? எவ்வளவு வாங்க வேண்டும்?

கிளைச்சில்லு மூன்று அங்குலம், பெரிய மரங்களின் அடியில் நான்கு அங்குலம், பூச்செடிப் பாத்தியில் இரண்டு அங்குலம். அதற்கு மேல் போடுவதால் பயனில்லை. லேசான தூறல் முழுவதையும் மூடாக்கே குடித்துவிட்டு மண்ணுக்கு ஒன்றும் விடாது.

நூறு சதுர அடிப் பரப்புக்கு மூன்று அங்குலம் போட 25 கன அடி வேண்டும். ஒரு சிமென்ட் மூட்டையின் கொள்ளளவு ஒன்றேகால் கன அடி என்பது கொத்தனார்களின் கணக்கு. அதன்படி அந்த அளவுச் சாக்கில் இருபது சாக்கு. சில வாரங்களில் அமுங்கிவிடும் என்பதால் இரண்டு மூன்று சாக்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

போடும் முறை என்ன?

முதலில் களையெடுங்கள். மூடாக்கு, விதையிலிருந்து வரும் களைகளைத் தடுக்கும்; பார்த்தீனியம் போன்றவை பெருமளவு குறையும். கோரைக்கும் அருகுக்கும் அது தடையே இல்லை. கோரையின் கிழங்கில் சேர்ந்திருக்கும் உணவு, நான்கு அங்குலச் சில்லையும் துளைத்துக்கொண்டு மேலே வரப் போதுமானது. எனவே கோரை உள்ள இடத்தில் கிழங்கோடு பலமுறை தோண்டியெடுத்த பிறகே மூடாக்கைப் பற்றி நினைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், செலவு செய்து பரப்பியவர்கள் பத்தாம் நாள் மனம் உடைந்துபோகிறார்கள்.

அடுத்து, மண் ஆழமாக நனையும்வரை நீர் விடுங்கள். காய்ந்த மண்ணை மூடினால் அது காய்ந்தபடியே இருக்கும். மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு கை கனத்தில் தூவி, அதன் மேல் சில்லைப் பரப்புங்கள்.

தண்டைத் தொடும்படி போடாதீர்கள். சிறு செடிகளில் மூன்று அங்குலமும் மரங்களில் அரை அடியும் தண்டைச் சுற்றி வெறுமையாக இருக்கட்டும். நடைபாதைகளிலும் பூங்காக்களிலும் மரத்தின் அடியில் மண்ணையும் சில்லையும் கூம்பாகக் குவித்து அழகு பார்ப்பதைக் காண்கிறேன். ஓயாத ஈரத்தில் அடிப்பட்டை ஊறி அழுகுவதற்கும், வண்டுகளும் எலிகளும் மறைவாகக் கடிப்பதற்கும் அதுவே வழி. மேலிருந்து பார்க்கும்போது கூம்பாக இல்லாமல் நடுவில் குழிந்த வட்டில்போல் தெரிய வேண்டும்.

கரையான் வருமே?

வரும். வராது என்று உறுதி கூறுவோரை நம்ப வேண்டாம். ஆனால் வருவது எந்தக் கரையான், எதைத் தின்ன வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அச்சம் குறையும்.

நம் தோட்டங்களில் பரவலாக உள்ள புற்றுக் கரையான்கள் காய்ந்த குச்சி, பட்டை, சருகு முதலிய இறந்த பொருட்களைத் தேடுபவை. அவற்றைப் புற்றுக்குள் கொண்டுபோய் அங்கே பூசணம் வளர்த்து உண்பவை. சில்லின் மேல் மண்பூச்சு தெரிந்தால் அவை தம் இயல்பான வேலையைச் செய்கின்றன என்று பொருள். நல்ல ஈரத்தில் வலுவாக வளரும் செடியை அவை பொதுவாகத் தொடுவதில்லை. தண்ணீரின்றி வாடும் இளங்கன்று, புதிதாக ஊன்றிய போத்து, இளந்தென்னை ஆகியவற்றுக்குத்தான் ஆபத்து. எனவே வேர்பிடிக்காத கன்றுகளுக்கு முதல் ஆண்டில் சருகு மூடாக்கு போட்டு, சில்லை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பதே என் வழக்கம். கோடையில் தண்ணீர் விட வசதியில்லாத செம்மண் மேட்டுநிலங்களிலும் நான் சில்லைப் பரிந்துரைப்பதில்லை.

வீட்டைக் காப்பதில் மட்டும் எந்தத் தளர்வும் கூடாது. சுவரிலிருந்து குறைந்தது ஓர் அடி தள்ளியே சில்லு தொடங்க வேண்டும்; அடித்தளத்தின் அரை அடி எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வீடு கட்டும்போது சுவரோரம் ஊற்றும் கரையான் மருந்து மண்ணில் மட்டுமே தடுப்பாக நிற்கிறது. அதன் மேல் சில்லைக் குவித்தால் கரையான் அந்தத் தடுப்பைத் தொடாமலே சில்லின் வழியாகச் சுவரில் ஏறிவிடும். மரக்கம்பங்களின் அடியிலும் போடாதீர்கள். மாதம் ஒருமுறை சில்லைக் கிளறி மண்பாதைகளைக் கலைத்துவிடுங்கள். பரப்புவதற்கு முன் வேப்பம்பிண்ணாக்குத் தூவுவது சில வாரங்களுக்கு அவற்றை விலக்கிவைக்கும். காய்கறிப் பாத்தியில் கரையான் மருந்து ஊற்ற வேண்டாம்.

சில்லின் அடியில் வெள்ளையாக நூல் பரவியிருக்கிறது. நோயா?

பெரும்பாலும் மரத்தை மக்கச் செய்யும் பூசணத்தின் இழைகளே அவை. தோட்டத்துக்கு நன்மை செய்பவை. மழைக்குப்பின் சிறு குடைக்காளான்களும், மஞ்சளாக நுரைத்துப் பரவி இரண்டு நாளில் பொடியாகும் சளிப்பூசணமும் தோன்றலாம். அவையும் செடியைத் தாக்குவதில்லை. குழந்தைகள் காளானைப் பறித்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். தக்காளி, மிளகாய், நிலக்கடலை போன்றவற்றின் தண்டடியில் வெள்ளை இழை விசிறிபோல் படர்ந்து, அதில் கடுகளவு பழுப்பு மணிகள் உருண்டு கிடந்து, செடியும் திடீரென வாடினால், அது ஸ்கிளிரோஷியம் என்னும் பூசணத்தால் வரும் தண்டழுகல் நோய். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றி, மூடாக்கை அங்கிருந்து விலக்கி வெயில் படவிட்டு, நோய்ப்பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மா விரிடி கலந்த மக்கிய தொழுவுரத்தை இடுங்கள்.

குவியலைக் கலைத்தபோது புளித்த வாடை அடித்தது. பயன்படுத்தலாமா?

உடனே போடக் கூடாது. ஈரச்சில்லை உயரமாகக் குவித்தோ மூட்டையில் கட்டியோ வாரக்கணக்கில் வைத்தால் உள்ளே காற்றின்றிப் புளித்து அசெட்டிக் அமிலம் முதலியவை உண்டாகும். அந்தச் சில்லைச் செடியடியில் போட்ட ஓரிரு நாளில் இலைகள் கருகிவிடும். நிலத்தில் மெல்லியதாகப் பரப்பி, நீரடித்து, மூன்று நான்கு நாள் காற்றாடவிடுங்கள். வாடை நீங்கி மழையில் நனைந்த மரத்தின் மணம் வந்தால் போடலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன செய்வது?

மணற்பாங்கான நிலத்தில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. களிமண்ணிலும் கரிசலிலும் புரட்டாசி முடிவதற்குள் மூடாக்கை இரண்டு அங்குலமாகக் குறைத்து, நீர் வடிய வாய்க்கால் எடுத்துவிடுங்கள். பப்பாளி இரண்டு நாள் நீர் தேங்கினாலே சாகும்; அதன் அடியிலிருந்து முழுவதையும் விலக்கிவிடலாம். காய்ந்த சில்லு நீரில் மிதக்கும் என்பதால் சரிவான இடங்களில் செங்கல்லை வரிசையாகப் பதித்து ஓரம் கட்டுங்கள். ஆப்பிரிக்கப் பெருநத்தை உள்ள ஊர்களில் அது பகலில் சில்லுக்கடியில் ஒளியும். இரவில் விளக்குடன் சென்று பொறுக்கி உப்புநீரில் போடுவதைத் தவிர எளிய வழி வேறில்லை. பொறுக்கும்போது கையுறை அணியுங்கள்.

மேலே சில்லு இருக்கும்போது நீரும் உரமும் எப்படி இடுவது?

சொட்டுநீர்க் குழாய் சில்லுக்கு அடியில் செல்லட்டும். குடத்திலோ குழாயிலோ ஊற்றுபவர்கள் நாள்தோறும் சிறிது ஊற்றுவதை விட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை நிறைய ஊற்ற வேண்டும். விரலைச் சில்லுக்குள் விட்டு மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மேலே காய்ந்து தெரிந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். உரமிடும்போது சில்லை ஒதுக்கி, மண்ணில் இட்டு, மறுபடி மூடுங்கள்.

மாடித்தோட்டத் தொட்டிகளுக்கும் போடலாமா?

ஓர் அங்குலம் போதும். தூள் வேண்டாம். அடினியம், கள்ளி வகைகளுக்கு மரமூடாக்கே வேண்டாம்.

தேங்காய் உரிமட்டையும் நார்க்கழிவும் மரச்சில்லுக்கு மாற்றாகுமா?

தென்னைக்கும் பெரிய பழமரங்களுக்கும் உரிமட்டையைப் போல் மலிவான நல்ல மூடாக்கு வேறில்லை. தென்னையைச் சுற்றி ஆறடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில் நூறு மட்டைகளை, வளைந்த முதுகு மேலே இருக்கும்படி அடுக்குவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. குழிந்த பக்கம் மேலே இருந்தால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். பச்சை நார்க்கழிவில் கரிமமும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்ற அளவில் இருப்பதால் மரத்தூளுக்குச் சொன்ன எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். மக்கிய நார்க்கழிவில் அது 24-க்கு 1 ஆகக் குறைந்துவிடுகிறது.

தென்னை வைத்திருப்பவர்கள் எந்த மரக்குவியலையும் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைக்க வேண்டாம். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மக்கும் கட்டையிலும் எருக்குழியிலும் மரத்தூள் குவியலிலும்தான். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளின் தடிகளை அகற்றச் சொன்னதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. மூன்று அங்குலமாகப் பரப்பிய சில்லில் அதன் தடித்த வெள்ளைப் புழு பொதுவாகத் தங்குவதில்லை. குவியலைத்தான் கிளறிப் பார்க்க வேண்டும். புழு தென்பட்டால் அதைக் கொல்லும் மெட்டாரைசியம் பூசணத்தைக் கலந்து விடலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? எப்போது போடுவது நல்லது?

மாற்றவே வேண்டாம், மேலே சேர்த்தால் போதும். ஓராண்டு கழித்துக் கையால் விலக்கிப் பார்த்தால் மேலே சாம்பல் நிறச் சில்லும், நடுவில் கறுத்துப் பொடியும் துண்டுகளும், அடியில் மண்புழு எச்சத்தோடு கலந்து மண் எது மரம் எது என்று பிரிக்க முடியாத ஓர் அடுக்கும் தெரியும். மொத்தத் தடிமன் இரண்டு அங்குலத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் ஓர் அங்குலம் புதிதாகச் சேருங்கள். அந்த இடத்தில் காய்கறி போட விரும்பினால் மக்காத மேற்சில்லை வாரி அருகிலுள்ள மரத்தடிக்கோ நடைவழிக்கோ கொடுத்துவிட்டு, கறுத்த அடியடுக்கை அப்படியே விட்டு நடலாம்.

போடுவதற்கு ஏற்ற காலம் தை மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணின் அடிவரை ஈரம் நிறைந்திருக்கும். மல்லிகை கவாத்து முடிந்து கிளைகள் கையில் இருக்கும். தையில் மூடிய மண்ணின் ஈரத்தைப் பங்குனியில் செடி குடிக்கும்.